பொலோன்யாவில் முதல் நாள்: தனியாகச் செல்லும் ஓர் ஆசிரியைக்குப் பதில்

கேள்வி: "அரசு மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். வயது 61, கணவர் காலமாகிவிட்டார். ஜெர்மனியில் பணிபுரியும் என் மகளோடு சில நாட்கள் இத்தாலியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிறகு அவள் வீட்டில் இரண்டு மாதம் தங்குவதாக ஏற்பாடு. அவளுக்கு விடுப்பு தள்ளிப்போனதால், பொலோன்யா நகரில் முதல் இரண்டு நாட்கள் நான் தனியாக இருக்க வேண்டியிருக்கிறது. அக்டோபர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, சென்னையிலிருந்து துபாய் வழியாகப் பகல் 1 மணி அளவில் அங்கே இறங்குகிறேன். அறை நடு நகரில் எடுத்திருக்கிறேன். அன்றைக்கே பார்த்துவிட வேண்டும் என்று 11 இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன்: அசினெல்லி கோபுரத்தில் ஏறுவது, பழைய பல்கலைக்கழகத்தின் உடற்கூறு அரங்கு, சான் லூக்கா குன்றில் சூரியன் மறைவது என்று பட்டியல் நீள்கிறது. இது நடக்கக்கூடிய திட்டமா? நான் முட்டைகூடச் சேர்க்காத சைவம். 'இந்த வயதில், மொழி தெரியாத ஊரில், தனியாகவா?' என்று உறவினர்கள் கேட்கிறார்கள். உண்மையில் எனக்கும் அச்சமாகத்தான் இருக்கிறது. பெயர், ஊர் வெளியிட வேண்டாம்."

பதில்:

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் உறவினர்களின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தாராளமாகத் தனியாகப் போகலாம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பயண ஆலோசனை தொழிலில் இருக்கும் என்னிடம், ஐரோப்பாவில் முதன்முறையாகத் தனியே நடக்கப்போகும் ஒருவருக்கு இத்தாலியில் ஒரே ஒரு நகரைச் சொல்லுங்கள் என்று கேட்டால், ரோமையும் வெனிஸையும் விட்டுவிட்டுப் பொலோன்யாவைத்தான் சொல்வேன். பழைய நகரம் முழுவதையும் நடந்தே பார்த்துவிடலாம். பெரும்பாலான தெருக்களில் நடப்பவருக்குத் தலைக்கு மேல் கூரை உண்டு. 1088இல் தொடங்கியதாகக் கணக்கிடப்படும் பல்கலைக்கழகத்தின் ஊர் என்பதால், வெளியூரிலிருந்து வந்து தனியாக உண்டு, தனியாக நடந்து, தனியாகப் படிப்பவர்களை அந்த நகரம் ஒன்பது நூற்றாண்டுகளாகப் பார்த்துப் பழகியிருக்கிறது. தனியாக ஒரு பெண் மேசையில் அமர்ந்து உண்பதை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் உங்கள் பட்டியலுக்கு என்னால் அப்படிச் சம்மதம் சொல்ல முடியவில்லை. அதில் ஒன்று இப்போது நடக்கவே நடக்காது. அசினெல்லி கோபுரத்தின் 498 படிகளைப் பற்றிப் பழைய பயணக் கட்டுரைகள் எல்லாம் எழுதியிருக்கின்றன. ஆனால் அதன் பக்கத்தில் சாய்ந்து நிற்கும் 48 மீட்டர் உயரக் கரிசெண்டா கோபுரத்தின் நிலை குறித்து 2023 அக்டோபரில் கவலை எழுந்து, அதைச் சுற்றித் தடுப்பு போட்டு, இரண்டையும் மூடிவிட்டார்கள். பழுதுபார்க்கும் பணி பல ஆண்டுகள் நீளும் என்று நகர நிர்வாகமே சொல்லியிருக்கிறது. சான் லூக்கா குன்றின் கதை வேறு. நகர வாயிலிலிருந்து குன்றின் உச்சிக் கோயில் வரை 666 வளைவுகளோடு ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் நீளும் அந்த நடைபாதையின் பிற்பாதி செங்குத்தான ஏற்றம். இரவு முழுவதும் விமானத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு வருபவர் அன்று மாலையே அதில் ஏறக் கூடாது. அதை மகளோடு ஏறுங்கள்.

உடற்கூறு அரங்கைப் பற்றித்தான் நான் விரிவாகப் பேச வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தபோது, இந்த ஊர் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான ஊர் என்று எனக்குத் தோன்றியது. கரப்பான்பூச்சியின் கழிவுநீக்க உறுப்பு எது என்று 31 ஆண்டுகளாக மாணவர்களிடம் கேட்டிருப்பீர்கள். 'மால்பிஜியன் குழல்கள்' என்று அவர்கள் சொன்ன விடைக்குள் இருப்பவர் மார்செல்லோ மால்பிகி. பொலோன்யாவுக்கு அருகில் 1628இல் பிறந்து, அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே கற்பித்தவர். தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்து, தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகளைக் கண்டு 1661இல் உலகுக்குச் சொன்னவரும் அவரே. மூளையின் அடிப்பகுதியைப் படமாக வரைந்து 'பான்ஸ் வரோலி' என்று பாகம் குறித்திருப்பீர்களே, அந்த வரோலியோவும் பொலோன்யாக்காரர்தான்.

இவர்கள் இருவருடைய மரச்சிலைகளும் நீங்கள் குறித்திருக்கும் அந்த அரங்கில்தான் நிற்கின்றன. ஆர்க்கிஜின்னாசியோ என்று அழைக்கப்படும் கட்டடம் 1563 முதல் 1803 வரை பல்கலைக்கழகத்தின் இருப்பிடமாக இருந்தது. அதன் மாடியில் 1637இல் முழுக்க மரத்தாலேயே அமைத்த அரங்கு, நடுவில் பளிங்கு மேசை, சுற்றிலும் படிப்படியாக உயரும் மாணவர் இருக்கைகள், சுவர் மாடங்களில் புகழ்பெற்ற 12 மருத்துவர்கள். அவர்களில் ஒருவர் கையில் ஒரு மூக்கை ஏந்தியிருப்பார். வெட்டுண்ட மூக்கைத் தோல் ஒட்டிச் சீரமைக்கும் முறையை 1597இல் நூலாக எழுதிய தால்யாகோட்சி அவர். பேராசிரியரின் இருக்கைக்கு மேலுள்ள விதானத்தை, தோலுரித்த இரண்டு மனித உருவங்கள் தசை நார்கள் தெரியத் தாங்கி நிற்கின்றன. இரண்டாம் உலகப் போரில், 1944 ஜனவரியில் விழுந்த குண்டில் அரங்கு நொறுங்கியது. இடிபாடுகளிலிருந்து பொறுக்கி எடுத்த பழைய மரத் துண்டுகளையும் சிலைகளையும் கொண்டே அதை மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள்.

இத்தனையையும் நீங்கள் அரைக்கண் மூடிய நிலையில் பார்க்க வேண்டுமா? நான் முதன்முறை பொலோன்யா போன அன்று, இறங்கிய மூன்றாவது மணி நேரத்தில் அந்த அரங்கில் நின்றேன். மர வாசனையைத் தவிர எனக்கு எதுவும் நினைவில் தங்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து மறுபடி போனபோதுதான், முதல் முறை நான் ஒன்றையுமே பார்க்கவில்லை என்பது தெரிந்தது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: உங்கள் மனத்துக்கு மிக நெருக்கமான இடத்தைப் புதன்கிழமை காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான். அறையிலிருந்து நகரின் நடுச் சதுக்கத்துக்குப் போகவும், அங்கிருந்து யாரையும் கேட்காமல் அறைக்குத் திரும்பவும் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த வழி காலுக்குப் பழகிவிட்டால் உங்கள் அச்சத்தில் பெரும்பகுதி அன்றிரவே போய்விடும்.

இனி அந்த நாளை இறங்கும் இடத்திலிருந்து பார்ப்போம். துபாயிலிருந்து நேரே வருவதால், ஒரே விசாவில் சுற்றி வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளுக்குள் நீங்கள் நுழையும் முதல் வாசல் பொலோன்யா விமான நிலையமே. 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறைப்படி முதன்முறை வருபவரின் கைரேகையையும் முகப்படத்தையும் பதிவு செய்வார்கள். வரிசை மெதுவாகத்தான் நகரும், பதற வேண்டாம். திரும்பும் விமானச் சீட்டு, அறை முன்பதிவு, மகளின் முகவரியும் அழைப்புக் கடிதமும், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு ஆகியவற்றின் நகல்களைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். அதிக நாட்கள் ஜெர்மனியில் தங்கப்போவதால் உங்கள் விசா ஜெர்மனி வழங்கியதாக இருக்கும்; அந்த விசாவோடு இத்தாலி வழியாக நுழைவதில் தவறில்லை, ஆனால் கேட்டால் முழுப் பயணத் திட்டத்தையும் காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டியைப் பற்றியும் ஒன்று. மகளுக்கு நெய்யும் பால்கோவாவும் எடுத்துப்போகாத தாயை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர் பால் பொருட்களையும் இறைச்சிப் பொருட்களையும் பெட்டியில் கொண்டுவர அனுமதியில்லை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, புளிக்காய்ச்சல் என்று எடுத்துச் செல்லுங்கள்.

விமான நிலையத்திலிருந்து மத்திய ரயில் நிலையத்துக்கு மார்க்கோனி எக்ஸ்பிரஸ் என்ற ஒற்றைத் தண்டவாள வண்டி ஏழெட்டு நிமிடத்தில் கொண்டு சேர்க்கும். அந்தக் குறுகிய தூரத்துக்கு அதன் கட்டணம் அதிகம்தான். ஆனாலும் முதல் நாள் அதையே எடுங்கள். இடையில் ஒரே ஒரு நிறுத்தம் என்பதால் இடம் மாறி இறங்கிவிடும் பேச்சுக்கே இடமில்லை. அது சேரும் பக்கம் ரயில் நிலையத்தின் பின்புறம். 'பியாட்சா மெதாலியே தோரோ' என்ற பலகையைப் பின்பற்றி நடந்தால் நிலையத்தின் முன்வாசலுக்கு வருவீர்கள். அங்கே வெளிச்சுவரில் உள்ள கடிகாரம் 10.25இல் நின்றிருக்கும். அது பழுதான கடிகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 1980 ஆகஸ்ட் 2 அன்று காலை அந்த நேரத்தில் காத்திருப்பு அறையில் வெடித்த குண்டுக்கு 85 பேர் பலியானார்கள். இறந்தவர்களின் பெயர்களும், சுவரில் விழுந்த பிளவும், தரையில் விழுந்த குழியும் அந்த அறையில் இன்றும் அப்படியே காக்கப்படுகின்றன. பெட்டியோடு அன்று உள்ளே போக வேண்டாம். அந்தக் கடிகாரம் ஏன் நிற்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு கடந்து செல்லுங்கள்.

நிலையத்துக்கு அருகே தொடங்கும் வியா இண்டிபெண்டென்சா என்ற நேர்சாலை நடுச் சதுக்கம் வரை ஒரே கோடாகப் போகிறது. நடந்தால் இருபது நிமிடம். பெட்டி கனமாக இருந்தால் வாசலில் நிற்கும் டாக்சியில் ஏறிவிடுங்கள். டிராம் பாதை போடும் பணிகளால் சில ஆண்டுகளாகப் பேருந்துத் தடங்கள் மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன. முதல் நாள் பேருந்தைத் தவிர்ப்பது நல்லது. அறையில் பாஸ்போர்ட்டைக் கேட்டுப் பதிவு செய்வார்கள், அது சட்டம். ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி ஒன்றையும் தனியே வாங்குவார்கள், அதுவும் முறையானதே. குளித்து உடை மாற்றிக்கொள்ளுங்கள். படுத்தால் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதையும் அலாரம் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அங்கே அப்போது நம் நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். அவர்களின் மாலை 5 மணி உங்கள் உடலுக்கு இரவு எட்டரை. வெளிச்சத்தில் நடப்பதுதான் அந்த உடலுக்கு நேரத்தை மாற்றிக் கற்பிக்கும் வழி. அக்டோபர் நடுவில் சூரியன் மறைய மாலை ஆறரை ஆகிவிடும். எனவே 4 மணிக்கு அறையை விட்டுப் புறப்பட்டால் இரண்டரை மணி நேரப் பகல் உங்களுக்குக் கிடைக்கும்.

வெளியே வந்ததும் உங்களைச் சூழ்வது அந்த ஊரின் தூண் நடைபாதைகள். நம் ஊரில் வீட்டின் முன் வண்டி நிறுத்தும் இடத்தைப் போர்ட்டிகோ என்கிறோம். இத்தாலியில் அந்தச் சொல் குறிப்பது இந்த வளைவுக் கூரைப் பாதைகளை. பழைய நகருக்குள் மட்டும் ஏறத்தாழ 38 கிலோமீட்டர், வெளியே உள்ளவற்றையும் சேர்த்தால் 62 கிலோமீட்டர். 2021இல் யுனெஸ்கோ அவற்றின் சில பகுதிகளை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றது. இவை உருவான காரணம் எனக்கு மிகவும் பிடித்தமானது. இடைக்காலத்தில் மாணவர்களும் குடியேறிகளும் பெருகியபோது, வீட்டுக்காரர்கள் மாடி அறைகளைத் தெருவின் மேலே நீட்டி மரத் தூண்களால் தாங்கச் செய்தார்கள். மற்ற ஊர்கள் இப்படிப்பட்ட நீட்டல்களைத் தடை செய்தன. பொலோன்யாவோ 1288இல், புதிய வீடு கட்டுபவர் கட்டாயமாகப் போர்ட்டிகோ அமைக்க வேண்டும் என்றும், குதிரையில் வருபவர் தலை இடிக்காமல் போகும் உயரம் வேண்டும் என்றும் சட்டம் செய்தது. மேலே உள்ள அறை வீட்டுக்காரருக்கு, கீழே உள்ள பாதை ஊருக்கு. கோயில் பிராகாரத்தில் தூண்களுக்கு நடுவே நடந்து பழகிய நமக்கு அந்த நடை அந்நியமாக இருக்காது. மழை பெய்தாலும் குடை தேவைப்படாது. தரை பெரும்பாலும் வழவழப்பாகவும் சமமாகவும் இருப்பதால் முழங்காலுக்கும் நல்லது.

போகும்போது அடையாளம் குறித்துக்கொண்டே போங்கள்: திருப்பத்தில் ஒரு மருந்துக் கடையின் பச்சைச் சிலுவை, ஒரு புத்தகக் கடை, ஒரு காப்பிக் கடை. வரைபடம் கைபேசியில் இருக்கட்டும், தரவு இல்லாமலும் இயங்கும்படி ஊரிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கண் தெருவில் இருக்கட்டும். முதல் நாள் போன வழியிலேயே திரும்புவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

சாலையின் முடிவில் கடல் தெய்வமான நெப்டியூனின் வெண்கல நீரூற்றும், அதைத் தாண்டிப் பியாட்சா மஜ்ஜோரே என்ற பெரிய சதுக்கமும் விரியும். நீரூற்றின் பக்கத்துச் சுவரில் சிறு சிறு புகைப்படங்கள் வரிசையாகப் பதித்திருப்பதைப் பாருங்கள். நாஜிகளையும் பாசிஸ்டுகளையும் எதிர்த்து உயிர்விட்ட ஏறத்தாழ 2,000 பேரின் முகங்கள் அவை. சதுக்கத்தின் தெற்குப் பக்கம் முழுவதையும் அடைத்து நிற்பது சான் பெத்ரோனியோ தேவாலயம். 1390இல் தொடங்கிய கட்டடத்தின் முகப்பில் கீழ்ப்பாதிக்கு மட்டும் பளிங்கு கிடைத்தது. மேல்பாதி இன்றும் வெறும் செங்கல். உள்ளே போகக் கட்டணமில்லை, பெரிய பைகளை விடமாட்டார்கள், தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை வேண்டும் என்பதால் உங்கள் புடவையோ சுடிதாரோ மிகப் பொருத்தம். உள்ளே ஒரு பெஞ்சில் பத்து நிமிடம் அமர்ந்து எழுந்திருங்கள். இடப்பக்கத் தரையில் ஒரு நீண்ட பித்தளைக் கோடு ஓடும். வானியலாளர் காசினி 1655இல் அமைத்த 66.8 மீட்டர் நடுப்பகல் கோடு அது. கூரையில் உள்ள சிறு துளை வழியாக விழும் சூரிய வட்டம் ஒவ்வொரு நாளும் உச்சிப்பொழுதில் அந்தக் கோட்டைக் கடக்கிறது. அக்டோபர் நடுவில் அது அங்குள்ள கடிகாரப்படி பகல் 1 மணியை ஒட்டி நிகழும். தேவாலயத்தின் வாசலில் எழுதியிருக்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, வானம் தெளிவாக இருந்தால் மறுநாள் வாருங்கள்.

தேவாலயத்தின் பக்கச் சுவரை ஒட்டிப் பின்பக்கம் நடந்தால் இரண்டு நிமிடத்தில் ஒரு சிறு சதுக்கம். அதன் நடுவே ஒரு பேராசிரியரின் பளிங்குச் சிலை, ஏந்திய பலகையைக் குனிந்து பார்த்தபடி நிற்கிறது. பலகையில் இருப்பது தவளை. அவர் லூயிஜி கால்வானி. அறுத்த தவளையின் கால் உலோகம் பட்டதும் துடித்ததை 1780களில் இந்த ஊரில் பார்த்து, உயிருக்குள் மின்சாரம் ஓடுகிறதா என்ற கேள்வியை எழுப்பியவர். ஆய்வகத்தில் எத்தனை முறை தவளையைக் கிடத்தி நரம்பைக் காட்டியிருப்பீர்களோ, அத்தனை முறையும் இவருடைய மேசையின் அருகில் நின்றிருக்கிறீர்கள். அந்தச் சிலையருகே சற்று நேரம் இருங்கள். பட்டியலில் உள்ள மற்ற பத்தும் அன்று இல்லாமல் போனாலும் பரவாயில்லை, இதை மட்டும் விட வேண்டாம்.

சிலையின் பக்கத்திலேயே ஆர்க்கிஜின்னாசியோவின் வாசல். மாடியில் உள்ள அரங்குக்குத்தான் நுழைவுச் சீட்டு, முற்றத்துக்குக் கட்டணமில்லை. சுவரும் கூரையும் தெரியாதபடி, அங்கே படித்த மாணவர்களின் குலச் சின்னங்கள் ஆயிரக்கணக்கில் தீட்டப்பட்டிருக்கும். முற்றத்தை ஒரு சுற்று வந்து, புதன்கிழமை காலைக்கான சீட்டை வாங்குவது எப்படி என்று அங்கேயே கேட்டுத் தெரிந்துகொண்டு வெளியே வந்துவிடுங்கள். படியேற மனம் இழுக்கும், அன்று ஏறாதீர்கள்.

பிறகு கிழக்கே உள்ள பழைய கடைத்தெருச் சந்துகளில் நடக்கலாம். காய்கறி, பழம், பாலாடைக்கட்டி, ரொட்டிக் கடைகள் நெருக்கமாக இருக்கும். பன்றித் தொடைகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்ட கடைகளும் அங்கே உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

உணவுக்கு வருகிறேன். கற்ற நகரம், கொழுத்த நகரம், சிவந்த நகரம் என்று பொலோன்யாவுக்கு மூன்று பட்டப்பெயர்கள். அந்த இரண்டாவது பட்டம் உங்களைப் போன்றவருக்குச் சற்றுச் சிரமம் தரும். ஊரின் பெருமையான தோர்த்தெல்லினிக்குள் பன்றி இறைச்சிப் பூரணம், வேகவைப்பது இறைச்சிச் சாற்றில். பச்சை நிற லசான்யாவைப் பார்த்துக் கீரை என்று நம்பிவிடாதீர்கள். மாவில்தான் கீரை, அடுக்குகளுக்கு நடுவே கொத்துக்கறி. கைகளால் தேய்த்த புதிய பாஸ்தா எதுவானாலும் இங்கே முட்டை சேர்த்துப் பிசைந்தது. ஸ்பகெட்டி போன்ற உலர்ந்த பாஸ்தா பெரும்பாலும் கோதுமையும் தண்ணீரும் மட்டுமே. அதைத் தக்காளிச் சாறோடு கேட்கலாம். மரினாரா என்ற பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டும். பெயரில் கடல் இருந்தாலும் வழக்கமான செய்முறையில் மீன் கிடையாது. மீன் சேர்க்கிறார்களா என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் போதும். பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால்தான் உறையவைக்கிறார்கள். உங்கள் வழக்கத்துக்கு அது ஒத்துவருமா என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். ரொட்டி வகைகள் சிலவற்றில் பன்றிக்கொழுப்பு சேரும். 'சோனோ வெஜெத்தரியானா, நியெந்தே கார்னே, பெஷே, உவோவா, ப்ரோதோ, ஸ்த்ருத்தோ' என்று, அதாவது இறைச்சி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு, பன்றிக்கொழுப்பு எதுவும் வேண்டாம் என்று, மகளிடம் இத்தாலிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் காட்டினால் பரிமாறுபவர் சமையலறைக்கே எடுத்துப்போய்க் கேட்டு வருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

உணவகங்கள் இரவுக்கு ஏழு, ஏழரைக்குத்தான் திறக்கும். திறந்தவுடன் போய் அமர்ந்தால் கூட்டமும் இருக்காது, உங்கள் கேள்விகளுக்கு அவர்களுக்கு நேரமும் இருக்கும். தலைக்கு இரண்டு மூன்று யூரோ 'கொப்பெர்த்தோ' என்று பில்லில் சேர்ந்திருக்கும். அது மேசைக் கட்டணம், ஏமாற்று அல்ல. காப்பியை நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு. பால் சேர்ந்தது வேண்டுமென்றால் கப்புச்சினோ என்று சொல்லுங்கள், வெறும் 'கஃபே' என்றால் இரண்டு மடக்குக் கசப்புக் காப்பிதான் வரும். அறைக்குத் திரும்பும் வழியில் பல்பொருள் அங்காடியில் ஒரு டப்பா தயிரும் வாழைப்பழமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை 3 மணிக்கு விழிப்பும் பசியும் சேர்ந்து வரும். அப்போது ஊரே மூடியிருக்கும். பழத்தை அங்கே உள்ள பிளாஸ்டிக் கையுறை அணிந்து எடுத்து, எடை போட்டு, விலைச் சீட்டை நீங்களே ஒட்ட வேண்டிய கடைகள் உண்டு. முன்னால் நிற்பவர் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி அச்சமூட்டாமல் உள்ளதைச் சொல்கிறேன். அங்கே ஒரு பயணிக்கு நேரக்கூடிய வழக்கமான இழப்பு கைப்பையில் இருந்து பணப்பை போவது. ரயில் நிலையத்திலும் நெரிசலான பேருந்திலும் பையை முன்பக்கம் மாட்டுங்கள். பாஸ்போர்ட் அறையிலேயே இருக்கட்டும், நகல் மட்டும் கையில். நிலையத்துக்கு அருகே உள்ள மொந்தன்யோலா பூங்காவுக்கு இருட்டிய பின் போக வேண்டாம். தானியங்கிப் பண இயந்திரம் ரூபாய்க் கணக்கில் எடுக்கவா என்று கேட்டால் மறுத்து யூரோவையே தேர்ந்தெடுங்கள். அவசர எண் 112. தெருவில் யாராவது கையில் கயிறு கட்ட வந்தாலோ பூவை நீட்டினாலோ நிற்காமல் நடந்துவிடுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது.

ஆறரை மணி வாக்கில், இருட்டும் நேரத்தில் மறுபடி பெரிய சதுக்கத்துக்கு வருவீர்கள். தேவாலயத்துக்கு எதிரே உள்ள பழைய மாளிகையின் அடியில் நான்கு வழிகள் கூடும் ஒரு வளைவு மண்டபம் இருக்கிறது. அதன் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நின்று மெதுவாகப் பேசினால், குறுக்கே எதிர்மூலையில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். தனியாகச் செல்பவர் அங்கே ஓர் ஆளைத் தேட வேண்டியிருக்கும் என்பதாலேயே அந்த இடத்தை உங்களுக்குச் சொல்கிறேன். எப்போதும் நாலைந்து பேர் அங்கே முயன்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். சைகை காட்டினால் எதிர்மூலைக்கு யாராவது ஒருவர் நிச்சயம் போவார். நீங்கள் தமிழிலேயே பேசுங்கள். அவர் இத்தாலியனில் பதில் சொல்லட்டும்.

உணவு முடித்து, வந்த வழியே, அதே பச்சைச் சிலுவை, அதே புத்தகக் கடை என்று எண்ணிக்கொண்டு அறைக்குத் திரும்பி, மகளை அழைத்துப் பேசிவிட்டு ஒன்பதரைக்குப் படுத்துவிடுங்கள். விழிப்பு சீக்கிரம் வந்தால் வருந்த வேண்டாம். ஏழரைக்குப் பின் வெளிச்சம் வந்ததும் அந்தத் தூண் பாதைகளில் கடை திறப்பவர்களையும் பள்ளி செல்லும் பிள்ளைகளையும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். அரங்கின் கதவு திறக்கும்போது வாசலில் முதல் ஆளாக நில்லுங்கள். பிற்பகல் நேரம் இருந்தால், வியா சம்போனியில் உள்ள பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் அன்னா மொராந்தி மன்சோலினி என்ற பதினெட்டாம் நூற்றாண்டு உடற்கூறு ஆசிரியை மெழுகில் செய்த தன் சொந்த உருவத்தைப் பாருங்கள். பட்டாடையும் முத்தும் அணிந்து அமர்ந்து, ஒரு மனித மூளையை அறுத்துக் காட்டிக்கொண்டிருப்பார். ஆனால் அது பிற்பகலுக்கு. காலையில் அரங்கினுள் நுழைந்ததும், பெயர்களைப் படிப்பதற்கு முன், அந்தப் பன்னிரண்டு பேரில் உங்கள் மால்பிகி யாராக இருப்பார் என்று முகத்தைப் பார்த்தே ஊகித்துப் பாருங்கள். சரியாகச் சொன்னீர்களா என்று எனக்கு எழுதினால் மிகவும் மகிழ்வேன்.